மரத்து மேல நின்ன தண்ணி

போன மாசம் சென்னையில மக வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கனியில சின்னத் தொட்டியில ஒரு செடி. பார்க்க அன்னாசிக் கொண்டை மாதிரி, பச்சை இலையில நீளநீளமா வெள்ளைக் கோடு, நடுக்குழியில கொஞ்சம் தண்ணீர். கொசு மருந்து அடிக்க வந்த தம்பி, "இதுல புழு வைக்கும், தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து தேடிப் படித்தேன்.

செடியின் பெயர் நியோரிஜீலியா. சொந்த ஊர் பிரேசிலின் கடலோரக் காடு. அன்னாசிக் குடும்பம். மூவாயிரம் வகைக்கு மேல் உள்ள இந்தக் குடும்பத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒன்றைத் தவிர எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. நம்ம அன்னாசியும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்ததுதான். பெயரும் அவங்களோடவே வந்தது.

இந்தக் குடும்பத்தில் பல செடிகள் மரக்கிளையில் உட்கார்ந்து வளரும். ஆனால் புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சாது. வேர் பிடிமானத்துக்குத்தான். இலைக்குழியில் மழைத்தண்ணீர் நிற்கும், அதில் விழுந்து மக்கும் சருகே உரம். அந்தத் தண்ணீரில் தவளையும் வாழும், கொசுவும் முட்டையிடும்.

இந்தச் செடியின் பங்காளிகள்தான் டிரினிடாட் தீவில் பெரிய வம்பை இழுத்தார்கள். 1845 முதல் 1917 வரை நம்ம நாட்டு ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தீவு அது. சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் போயின. அங்கே கொக்கோவும் பெரிய பயிர். கொக்கோவுக்கு நிழல் வேண்டுமே! உயரமான மரங்களை நட்டார்கள். நாம மிளகுக்கொடி ஏத்துற கல்யாண முருங்கையின் இனம்தான். அந்தக் கிளைகளில் இந்தச் செடிகள் அடை அடையாகப் பெருகின. அவற்றின் குழித்தண்ணீரில் மலேரியா கொசு பெருகியது.

மலேரியா என்றால் குட்டையை மூடு, சாக்கடையை வெட்டு என்பார்கள். இங்கே தண்ணீர் தலைக்கு மேலே நின்றது! 1940-களில் காலின் பிட்டென்ட்ரிக் என்ற ஆராய்ச்சியாளர் இந்தக் கொசுக்களை அங்கே ஆராய்ந்தார். மரத்தின் மேல் மயில்துத்தக் கரைசல் அடித்துச் செடிகளைக் கொன்றார்கள். நாம பூஞ்சாணத்துக்குப் பயன்படுத்துற அதே மயில்துத்தம். கையாலும் பிடுங்கிப் போட்டார்கள். வேறு பல முயற்சிகளும் சேர்ந்து, 1965-ல் மலேரியா ஒழிந்த நாடு என்று பெயர் வாங்கியது.

ஆனால் குற்றம் செடி மேலயா? காட்டில் பலவகை மரங்களுக்கு நடுவே இருந்ததற்கு, ஒரே மரத்தை வரிசையாக நட்டு வீடு கட்டிக் கொடுத்தது மனுஷன்தானே. ஒரே பயிரா வெச்சா என்ன பெருகும்னு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளி நின்ன வருஷம் மாவுப்பூச்சி வந்ததை நானே பார்த்தவன்.

அதுக்காக அந்தத் தம்பி சொன்னதும் தப்பில்லை. மகளுக்குப் போன் போட்டேன். "தூக்கிப் போடாதே கண்ணு. வாரம் ரெண்டு தரம் தொட்டியைச் சாய்ச்சுப் பழைய தண்ணியைக் கொட்டு, புதுசு ஊத்திக் குழியை அலசி விடு. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேணும், அதுக்குள்ள கொட்டிட்டா வேலை முடிஞ்சது."

இன்னொண்ணும் சொன்னேன். இது பூத்தால் தாய்ச்செடி மெல்லச் சாகும், பக்கத்தில் கன்று விடும், வாழை மாதிரி. விதை போட்டால் அந்தக் கோடு அப்படியே வராது, கன்றில்தான் வரும்.

"ஒரு கன்னு எனக்கு எடுத்து வை" என்றேன். கிணத்து மேட்டு மாமரத்தடியில ஒண்ணே ஒண்ணு வைக்கலாம்.