'காஞ்சிவர'மும் 2007ஆம் ஆண்டின் தங்கத்தாமரையும்

திரைப்படங்களுக்கு நடுவணரசு வழங்கும் விருதுகள் 1954ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்றன. முந்திய ஆண்டின் படங்களுள் தலைசிறந்ததாக மராத்தி மொழியின் 'சியாம்ச்சி ஆயி' அன்று தேர்ந்தெடுக்கப்பெற்றது. அம்முதன்மையை எய்திய தமிழ்ப்படங்கள் மூன்றே. கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' 1990ஆம் ஆண்டிற்கும், பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' 2007ஆம் ஆண்டிற்கும், சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' 2020ஆம் ஆண்டிற்கும் உரியன. இவற்றுள் நடுவண் நின்ற 'காஞ்சிவரம்' அவ்விருதிற்கு முற்றும் உரியதுதானா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். காஞ்சி நெசவாளரைப் பற்றிய படம் ஆதலின், இவ்வினாவை எழுப்புதலே அவ்வூர்க்குச் செய்யும் குறையென்று கருதுவாரும் உளர். ஊர்ப்பற்று வேறு, மதிப்பீடு வேறு.

பரிசளித்த பின்னர்த் தகுதி பற்றி வழக்காடுதல் புதுவதன்று. அமெரிக்க நாட்டின் ஆசுகர் விருதில், 1941ஆம் ஆண்டுப் படங்களுள் 'சிட்டிசன் கேன்' ஒன்பது பிரிவுகளிற் பரிந்துரைக்கப்பெற்றும் திரைக்கதைக்குரிய பரிசொன்றே பெற்றது. முதற்பரிசு 'கவ் கிரீன் வாசு மை வேலி' என்னும் படத்திற்குச் சென்றது. அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆங்கே பரிந்துரைப் பட்டியல் முன்னரே வெளியிடப்படுதலின் வழக்காடுவார்க்கு வேலை எளிது. நம் நாட்டு விருதில் அத்தகைய பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஆதலின், அவ்வாண்டிற் பிற விருதுகளைப் பெற்ற படங்களையே எதிர்நிற்கும் படங்களாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

சாய் பராஞ்சுபே தலைமையில் அமைந்த நடுவர் குழுவின் முடிவுகள் 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டே கணக்கிற் கொள்ளப்படுதலால், 2009 மார்ச்சில் திரையரங்குகட்கு வந்த 'காஞ்சிவரம்' 2007ஆம் ஆண்டுப் படமாயிற்று. தங்கத்தாமரையும், பிரகாசுராசுக்குச் சிறந்த நடிகர் விருதும் அதற்குக் கிடைத்தன. சிறந்த இயக்குநர் விருதோ 'நாலு பெண்ணுங்ஙள்' என்னும் மலையாளப் படத்திற்காக அடூர் கோபாலகிருட்டிணனுக்குச் சென்றது. கிரீசு காசரவள்ளி இயக்கிய 'குலாபி டாக்கீசு' சிறந்த கன்னடப் படமாயிற்று. அதில் நடித்த உமாசிரீ சிறந்த நடிகையானார். சிறந்த தமிழ்ப்படம் என்னும் விருதை ஞான ராசசேகரனின் 'பெரியார்' பெற்றது. இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை முன்னிட்டுப் பெரியார் காங்கிரசு மாநாட்டினின்றும் வெளியேறியது 1925இல் இதே காஞ்சிபுரத்தில்தான். ஓராண்டின் இரு தமிழ் விருதுகளும் எவ்வாறோ ஓரூரையே சுட்டி நிற்கின்றன.

'பெரியார்' வாழ்க்கை வரலாற்றை நிரல்படச் சொல்லும் படம். அதனை இவ்வழக்கிற் சேர்க்க வேண்டுவதில்லை. அடூரின் படம் அவ்வாறன்று. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நான்கு சிறுகதைகளைத் தனித்தனியே நிறுத்திக் குட்டநாட்டுப் பெண்டிரின் நால்வகை நிலைகளைக் காட்டுவது அது. ஒவ்வொரு பகுதியும் செப்பமுடையது. எனினும் நான்கும் கூடி ஒரு முழுமை பிறந்ததாக எமக்குத் தோன்றவில்லை. பதிகம் ஒவ்வொன்றும் சிறப்புற அமைந்த தொகைநூலைக் காப்பியம் என்று கூறுதல் இயலாதன்றோ? எனவே இயக்கத்திற்குரிய விருதை அடூருக்கும், படத்திற்குரிய விருதை வேறொன்றிற்கும் பிரித்தளித்த நடுவர் செயல் பொருந்தும். வழக்கு 'காஞ்சிவர'த்திற்கும் 'குலாபி டாக்கீ'சுக்கும் இடையதேயாம்.

'காஞ்சிவர'த்தின் கதை யாவரும் அறிந்தது. 1948இற் சிறையினின்றும் சில நாள் விடுப்பில் ஊர் திரும்பும் வேங்கடம் என்னும் நெசவாளியின் நினைவோட்டமாக அது விரிகிறது. பெயரிடும் நாளில் தன் மகளுக்கு, மணத்தின்போது பட்டுச்சேலை உடுத்தி அனுப்புவதாக அவன் வாக்களிக்கிறான். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் ஒரு பட்டுச்சேலைக்கு உரியனாகாத கூலியாள் அவன். வேறு வழியின்றி முதலாளியின் பட்டுநூலைச் சிறிது சிறிதாக வாயில் ஒளித்துக் கொணர்ந்து, மறைவிடத்தில் தானே ஒரு சேலை நெய்யத் தொடங்குகிறான். மகளின் பெயர் தாமரை. பரிசின் பெயரும் அதுவேயானது தற்செயல்.

இப்பகுதியை வகுப்பிற் பேசியபோது, நெசவாளர் குடியிற் பிறந்த மாணாக்கர் ஒருவர் எழுப்பிய தடை எம்மைச் சிந்திக்க வைத்தது. ஊடைநூலை அவ்வப்போது சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாவு நூலையோ நெய்யத் தொடங்கும் முன்னரே முழுநீளத்திற்கும் ஆயத்தம் செய்தல் வேண்டும். அதனைத் தெருவில் நீள இழுத்துக் கட்டி, பலர் கூடிச் சீர்செய்வதே காஞ்சி வழக்கம். பிள்ளையார்பாளையத்துத் தெருவிற் பாவு விரிந்தால் அத்தெரு முழுதும் அறியும். மேலும், உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடுதல் வேண்டும். பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்வதே மரபு. 'ஐயா, வாயில் வந்த நூலால் ஒருவன் தனியே கோர்வை நெய்ய முடியாது' என்றார் அம்மாணாக்கர். காஞ்சியிற் பெரும்பான்மைத் தறிகள் நெசவாளர் வீடுகளிலேயே இருந்தன என்பதையும் சேர்த்தெண்ணுக. பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுக்கப்பட்டு, நெய்த சேலையும் நிறுத்தே பெறப்படும்போது, களவைக் காட்டுவது தராசாகும்.

இத்தடைகள் உண்மையேயாயினும் படத்தைச் சாய்க்கும் வலிமையுடையன அல்ல. நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல்சான்ற புலனெறி வழக்கத்தைத் தொல்காப்பியர் வகுத்தது இத்தகைய இடங்கட்காகவே. வாயிலடங்கிய நூல் உலகியலிற் பொருந்தாதாயினும் நாடக வழக்கில் முற்றும் பொருந்தும். பேச வேண்டிய வாய் நூலால் அடைபட்டிருத்தல் என்னும் கருத்து அதனால் அன்றோ காட்சியாயிற்று?

ஆயினும் வரலாற்று நோக்கில் வேறொரு குறை உண்டு. அஃது எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. பத்தாம் நூற்றாண்டினதாகிய உத்தமசோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளராகிய பட்டசாலியரை, ஊரகத்துத் திருமால் கோயிற் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பினராகக் குறிக்கிறது. கோயிற் பொருளைக் காக்கும் நம்பிக்கைக்குரியராய் இருந்த ஒரு தொழிற்குடி, நூற்றாண்டுகள் கழிந்தபின் கூலிக்கு நெய்யும் நிலைக்கு வந்ததெவ்வாறு என்பதே காஞ்சி நெசவின் உண்மையான துன்பக்கதை. படத்தில் அவ்வீழ்ச்சியின் சுவடே இல்லை. வறுமை ஆங்கே என்றும் இருந்ததாகவே காட்டப்படுகிறது; ஊரிலேயே பிறந்த ஒற்றுமையுணர்வு எதுவும் இல்லாதது போலப் பொதுவுடைமை எழுத்தாளர் ஒருவர் வெளியினின்று வந்தே நெசவாளரை எழுப்ப வேண்டியிருக்கிறது.

படத்தின் உச்சம் இறுதிக்காட்சி என்பர் பலர். எமக்கு அஃது உடன்பாடன்று. கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யும் நெசவாளருக்கு வேங்கடமே தலைவன். மகளின் மணநாள் நெருங்குகிறது. தறிகள் நின்றால் நூல் இல்லை. நூல் இல்லையேற் சேலை இல்லை. தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்து வைத்துத் தோழரை மீண்டும் வேலைக்கு அனுப்புகிறான். மகளுக்களித்த வாக்கும் தோழர்க்களித்த வாக்கும் ஒன்றையொன்று அறுக்கும் இவ்விடமே படத்தின் உயிர்நிலை. அந்நேரத்திற் பிரகாசுராசின் முகத்திற் கண்டதைத் தமிழ்த்திரையில் யாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். நடிகர் விருதைப் பற்றி எவர்க்கும் ஐயம் எழுந்திலது.

அதன்பின் நிகழ்வன வேறு வகையின. களவு வெளிப்பட்டுச் சிறை புகுகிறான். மகள் கிணற்றில் வீழ்ந்து உடல் செயலற்றுப் போகிறாள். பேணுவாரின்றிக் கிடக்கும் அவளைத் தந்தையே நஞ்சூட்டிக் கொன்று, முற்றுப்பெறாத பட்டால் உடலை மூடுகிறான். அது முகத்தை மூடினாற் காலுக்கு எட்டவில்லை. அழுகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. வறுமையிற் தொடங்கிய கதை, தோழரைக் கைவிட்ட இளிவில் உயர்ந்து நின்றது. அங்கு நின்றிருப்பின் அழுகைக்கு அவனே காரணன். கிணற்று வீழ்ச்சியோ தற்செயலானது. தறிக்கும் கூலிக்கும் அதனோடு தொடர்பில்லை. எவ்வூரில் எவர் மகளுக்கும் நேரலாவது. நான்கு களன்களையும் ஒருங்கே குவித்தமையால் முதலிற் கண்ட கூர்மை மழுங்கிற்று. பார்ப்பவர் அழுகின்றனர், ஆனால் வேலைநிறுத்தத்தை மறந்தே அழுகின்றனர்.

'குலாபி டாக்கீ'சில் இக்குறை இல்லை. வைதேகியின் சிறுகதையைக் காசரவள்ளி, 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரை ஒட்டிய காலத்திற்குப் பெயர்த்து, கரையோரக் கன்னட நாட்டு மீனவர் நடுவே அமைத்தார். குலாபி கணவனாற் கைவிடப்பட்ட முசுலிம் மருத்துவச்சி, திரைப்படப் பித்துடையவள். மகப்பேறு பார்த்ததற்குக் கைம்மாறாக ஒரு குடும்பத்தார் அவளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி அளிக்கின்றனர். அதுவரை அவள் குடிலை மிதியாத பெண்டிர் அங்குக் கூடுகின்றனர். அதே பெட்டி போர்ச்செய்தியையும் கொணர்கிறது. விசைப்படகுகளால் எழுந்த தொழிற்பூசல் சமயப்பூசலாகத் திரிகிறது. இளம்பெண் ஒருத்தி காணாமற்போகவே, பழி குலாபிமேல் விழுகிறது. வரும் கேடு ஒவ்வொன்றும் முன்னர்க் கண்ட பொருளொன்றினின்றே முளைக்கிறது. ஆசிரியன் கை இடைபுகுந்து எவரையும் கிணற்றில் தள்ளவில்லை. கூடி மகிழ்ந்த அதே பெண்டிர் விலகிச் செல்லும்போது, அவருள் எவரையும் தீயரென்று நம்மால் வெறுத்தொதுக்க இயலவில்லை.

காஞ்சிப் பட்டைப் பற்றிய தமிழ்ப்படம் இருக்கக் கன்னடப் படத்திற்கு முதன்மை கூறுதல் எம்மவர் சிலர்க்கு உவப்பாயிராது. உடனாசிரியர் ஒருவர், அரைகுறைப் பட்டால் மூடிய அவ்வுடல் ஒன்றே நூறு 'குலாபி டாக்கீ'சுக்கு ஈடாகும் என்று எம்மிடம் வாதிட்டார். அக்காட்சியின் ஆற்றலை யாம் மறுக்கவில்லை. ஆயின் தங்கத்தாமரை ஒரு காட்சிக்கன்றிப் படம் முழுமைக்கும் உரியது. வேலைநிறுத்தம் முடியும் இடம்வரை 'காஞ்சிவர'த்திற்கு நிகரில்லை என்பதை உடன்பட்டே, அவ்வாண்டின் தங்கத்தாமரை 'குலாபி டாக்கீ'சுக்குச் சென்றிருத்தல் வேண்டும் என்று கருதுகிறோம்.