கிராம சபை யாருடைய படைப்பு? உறுப்பு 243அ குறித்து ஒரு மறுப்பு

2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் ஊராட்சிகளுக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. காசோலையில் கையெழுத்துப் போட்டவர் தனி அலுவலர். ஆனாலும் அந்த ஆண்டுகளில் கிராம சபைகள் கூடின, தீர்மானங்கள் பதிவேட்டில் ஏறின. ஊராட்சி மன்றமே இல்லாத ஊரில் கிராம சபை எப்படி இருந்தது? உள்ளாட்சி குறித்த நம் சட்ட ஆய்வுகள் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருக்கின்றன. கடந்து போகக் காரணமாக இருந்தது அரசமைப்பின் உறுப்பு 243அ-வைப் பற்றிய ஒரு வாசிப்பு. அந்த வாசிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வாசிப்பு சொல்வது இது: மாநிலச் சட்டமன்றம் சட்டத்தால் வகுக்கும் அதிகாரங்களைக் கிராம அளவில் கிராம சபை செலுத்தலாம் என்கிறது 243அ. ஆக, சட்டமன்றம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. மேலும், மூன்று நிலைகளில் ஊராட்சிகளைக் கட்டாயமாக அமைக்கச் சொல்லும் 243ஆ-வில் கிராம சபை இடம்பெறவில்லை. ஊராட்சிக்கு அதிகாரம் வழங்கும் 243எ-யில் 'தன்னாட்சி நிறுவனங்களாக இயங்குதல்' என்ற நோக்கமாவது உண்டு. 243அ-வில் அதுவும் இல்லை. எனவே கிராம சபை மாநில அரசின் விருந்தாளி என்பது இப்படி வாசிப்போரின் முடிவு. எழுத்தை மட்டும் பார்த்தால் வலுவான வாதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்கள் ஊன்றிப் பார்க்காதது 243(ஆ)-வில் உள்ள வரையறையை. கிராம அளவிலான ஊராட்சியின் எல்லைக்குள் அடங்கும் கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பதிவுபெற்றவர்களைக் கொண்ட அமைப்பே கிராம சபை என்கிறது அது. 243(ஈ)-யின் ஊராட்சி வரையறையை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊராட்சி என்பது 243ஆ-வின்படி 'அமைக்கப்படும்' நிறுவனம். கிராம சபைக்கு அப்படியொரு அமைப்புச் செயலே கோரப்படவில்லை. பட்டியலில் பெயர் ஏறிய கணத்தில் ஒருவர் உறுப்பினர் ஆகிறார். பெயர்களின் தொகுதியே சபை ஆகிறது. 243ஆ-வில் கிராம சபை இல்லாதது அதை விருப்பத்துக்கு விட்டதால் என்று கொள்ளத் தேவையில்லை. ஏற்கெனவே இருப்பதை அமைக்கும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடாது.

பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். 243ஓ-வின் வரிசையில் வரும் தேர்தல் ஏற்பாடுகளின்படி, ஊராட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் மேற்பார்வையும் கட்டுப்பாடும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் உள்ளன. ஆளும் அமைச்சரவைக்கு அதில் இடமில்லை. சபையின் உறுப்பினர் யார் என்பதை முடிவு செய்யும் உரிமை, சபையைத் 'தன் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் அரசுக்கே கிடையாது. இது விசித்திரமான படைப்பு.

பதவிக்காலம் தொடர்பான உறுப்பு, என் பார்வையில், வழக்கை முடித்துவைக்கிறது. ஊராட்சிக்கு ஐந்தாண்டு ஆயுள். முன்னதாகக் கலைக்கவும் இடமுண்டு. காலம் முடியும் முன்னரே தேர்தலை முடித்தாக வேண்டும். 2006-இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் நகராட்சிகளைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டாயத்தை அழுத்தமாகவே சொன்னது. கிராம சபைக்கு ஆயுளும் குறிக்கப்படவில்லை, கலைப்பும் சொல்லப்படவில்லை. 2016-க்கும் 2019-க்கும் இடையே நடந்தது இதன் நடைமுறை வடிவம். மன்றத்தின் ஆயுள் முடிந்தது, சபை தொடர்ந்தது. 243அ-வில் உள்ள 'செலுத்தலாம்' என்பது அதிகாரத்தின் அளவைப் பற்றியது. சபை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை அது தொடவேயில்லை.

எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது, அதை மறைக்க முடியாது. 2020 அக்டோபர் 2-ஆம் நாள் நடக்கவேண்டிய கூட்டங்களை மாநில அரசு தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் அப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இருந்தன, கூடாதது சபைதான். அரசு பூட்டினால் பூட்டு விழும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கலாம். கூடுவதைத் தடுப்பது வேறு, இருப்பை அழிப்பது வேறு. நாடாளுமன்றத்தைக் குடியரசுத் தலைவர் அழைக்காமல் விட்டால் நாடாளுமன்றம் மறைந்துவிடுவதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆம் பிரிவு, இரு கூட்டங்களுக்கிடையே ஆறு மாதம் கடக்கக் கூடாது என்கிறது. அந்த வரம்பின் முன்னால் ஒரு நிர்வாக ஆணைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஒரு நாள் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

நியாம்கிரி வழக்கை இங்கே எச்சரிக்கையுடன்தான் பயன்படுத்துகிறேன். 2013 ஏப்ரல் 18-ஆம் நாள் தீர்ப்பில், பாக்சைட் சுரங்கம் பற்றிய கேள்வியைக் கிராம சபைகளின் முன் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன்படி அந்த ஆண்டிலேயே 12 ஊர்களில் கூடிய சபைகள் ஒன்றுவிடாமல் மறுத்தன. வழக்குத் தொடுத்ததே ஒடிசா அரசின் சுரங்கக் கழகம். அந்தச் சபைகளின் மறுப்புக்கு இருந்தது வன உரிமைச் சட்டமும் 1996-இன் ஊராட்சி நீட்டிப்புச் சட்டமும் சேர்ந்து கொடுத்த பலம். ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாத தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மாநில அரசின் விருப்பத்துக்கு எதிராகக் கிராம சபை 'இல்லை' என்று சொல்வது நம் அரசமைப்புக்குள் சாத்தியம் என்பதையாவது அது நிறுவிவிட்டது.

ஆளே வருவதில்லை, வருபவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற ஆட்சேபம் உடனே எழும். அது நடப்பைப் பற்றிய புகார், சட்டநிலையைப் பற்றிய வாதம் ஆகாது. கிராமம் சாதியின் கோட்டை, அதன் கையில் அதிகாரமா என்ற அச்சம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் 1948 நவம்பரில் அம்பேத்கர் எழுப்பியது அதைத்தான். அதே மாதம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம்தான் கிராம ஊராட்சிகளை அமைக்கச் சொல்லும் உறுப்பு 40 ஆனது. அம்பேத்கர் அதை ஏற்றார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குத் தேர்தலை நிலைக்க விடாமல் தடுத்தது ஊர்க்கூட்டத்தின் வழக்கம். ஊர்க்கூட்டத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி சொல்கிறது. கிராம சபையில் அதை வாக்காளர் பட்டியல் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் அரசமைப்பு செய்த மாற்றத்தையே காணவில்லை.

இந்த வாசிப்பை ஏற்றால் குடிமக்களின் பொறுப்பு என்ற பேச்சும் இடம் மாறுகிறது. 1976-இல் 42-ஆம் திருத்தம் சேர்த்த 51அ-வின் கடமைகளை, 2002-இல் ஒன்று கூடி இப்போது பதினொன்றை, பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மீறினால் அந்த உறுப்பு தானாக எதுவும் செய்யாது. கிராம சபையின் குறைவெண் வரம்பு அப்படியல்ல. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தக் கூட்டத்தின் தீர்மானம் நிற்காது. சட்ட விளைவு உள்ள குடிமைக் கடமை ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

அந்தப் பொறுப்பு எதில் போய் முடிகிறது என்பதைக் கூட்டப்பொருளில் பார்க்கலாம். வரவு செலவு அறிக்கையைப் படித்தல், முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கை, அதன் பின் கொசு ஒழிப்பு, குடிநீர் இணைப்பு, வீட்டு வசதித் திட்டப் பயனாளிகள் என்று சென்னையிலிருந்து வந்த வரிசை. செயலர் விரைந்து படிக்கிறார், பற்றாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் கிராமத் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையை ஏற்பதும் 3-ஆம் பிரிவின்படி சபையின் வேலை. கூடியிருப்பவர் ஒப்பவில்லை என்று எழுதச் சொன்னால் அப்படியே எழுதித்தான் ஆகவேண்டும். பயனாளி என்ற இருக்கையிலிருந்து ஒப்புதல் தருபவர் என்ற இருக்கைக்கு அவர் மாறுவது அந்த ஒரு வரியில்தான்.

என் வாசிப்பின் பலவீனமான இடம் ஒன்று உண்டு. 'கிராமம்' எது என்பதை ஆளுநரின் அறிவிக்கை குறிக்கிறது. ஓர் ஊராட்சியை நகராட்சியோடு இணைத்துவிட்டால் பட்டியல் நகராட்சியின் பட்டியலாகி, சபையும் இல்லாமல் போகிறது. நகராட்சிகளுக்கான ஒன்பதாம் (அ) பகுதியில் கிராம சபைக்கு இணையானது இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த பகுதி சபைகள் மாநில விதிகளால் நிற்பவை. இந்த ஒரு வாசலை அரசமைப்பு திறந்தே விட்டிருக்கிறது. சபையை நேரே கலைக்க முடியாத அரசு, அது நிற்கும் நிலத்தை நகரமென அறிவிக்க முடியும். ஆகவே இணைப்பு அறிவிக்கைக்கு முன் அந்தந்தக் கிராம சபையின் கருத்தைக் கேட்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.