ஏழைகளை எண்ணிய வார இதழ்

இந்தியப் பொருளாதாரத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் புரட்டுவது ஐந்தாண்டுத் திட்ட ஆவணங்களையே. அத்திட்டங்களை நோக்கி எழுந்த வினாக்களின் வரலாறோ வேறோரிடத்தில் இருக்கிறது. 1949 சனவரியில் சச்சின் சௌத்ரி பம்பாயில் தொடங்கிய 'எகனாமிக் வீக்லி'யிலும், அதன் வழிவந்த 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யிலும் அது பதிவாகியுள்ளது.

இவ்விதழ் வாரந்தோறும் வெளிவந்தது என்பது சிறிய செய்தியன்று. காலாண்டு ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு மறுப்பு அச்சேறுவதற்குள் அரசின் முடிவே நடைமுறைக்கு வந்துவிடும். இங்கோ சந்தை நிலவரமும் நிறுவனச் செய்திகளும் ஆய்வுக் கட்டுரையும் ஒரே இதழில் இடம்பெற்றன. எம்.என். சீனிவாஸ் மைசூர்க் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரை 1951இல் இதில்தான் வெளிவந்தது. திட்டமிடுவோர் புள்ளிவிவரமாக மட்டும் கண்ட கிராமம், சாதியும் நிலவுடைமையும் பின்னிய சமூகமாக அவர்கள் மேசைக்கு வந்தது.

1965 இறுதியில் இதழ் நின்றது. 1966 ஆகஸ்டில் சமீக்ஷா அறக்கட்டளையின் பொறுப்பில் புதிய பெயருடன் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே சௌத்ரி மறைந்தார். 1969 முதல் 2004இல் தாம் மறையும்வரை கிருஷ்ண ராஜ் அதன் ஆசிரியராக இருந்தார்.

1971 சனவரியில் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் எழுதிய 'இந்தியாவில் வறுமை' இரு இதழ்களில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவை அடிப்படையாகக் கொண்டு, 1960–61 விலையில் ஒருவருக்கு மாதம் ஊரகத்தில் 15 ரூபாயும் நகரத்தில் 22.50 ரூபாயும் குறைந்தபட்சச் செலவு என அவர்கள் கணித்தனர். அவ்வளவிலும் ஊரக மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரும் கோட்டிற்குக் கீழே இருந்தனர். அறுபதுகளின் வளர்ச்சி நகரத்து அடித்தட்டினரின் நிலையை உயர்த்தவில்லை என்பதையும் அவர்கள் காட்டினர். அதே ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் 'வறுமையை ஒழிப்போம்' என்பது ஆளுங்கட்சியின் முழக்கமாயிற்று. முழக்கத்தை அளந்து பார்க்கும் அளவுகோல் அதற்கு முன்பே அச்சில் இருந்தது.

அந்த அளவுகோலும் கேள்விக்குத் தப்பவில்லை. ஒரே மனிதரின் கலோரித் தேவையே நாளுக்கு நாள் மாறுவதால், சராசரி அளவைக் கொண்டு எண்ணினால் வறுமை மிகையாகத் தோன்றும் என்று பி.வி. சுகாத்மே வாதிட்டார். தாண்டேகர் அதே இதழில் விடையளித்தார். இந்திய வேளாண்மையில் முதலாளித்துவம் வேரூன்றியதா என்று அசோக் ருத்ராவும் உத்சா பட்நாயக்கும் தொடங்கிய விவாதமும் இப்பக்கங்களிலேயே ஆண்டுக்கணக்கில் நீண்டது.

1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு ஊரகத்திற்கு 2,400, நகரத்திற்கு 2,100 கலோரி என வகுத்தது. அதன்பின் வறுமைக்கோடு ஆட்சியின் அன்றாடச் சொல்லாயிற்று. அரசு வெளியிடும் எண் முடிந்த முடிவாகத் தோற்றமளிக்கும். அதற்குள் எத்தனை தெரிவுகள் புதைந்துள்ளன என்பதை அது சொல்வதில்லை. கலோரியை மட்டும் எண்ணலாமா, கல்வியையும் மருத்துவத்தையும் எங்கே வைப்பது, எந்த ஆண்டின் விலையைக் கொள்வது என்ற ஒவ்வொரு தெரிவும் இலட்சக்கணக்கானோரைக் கோட்டின் இப்புறமோ அப்புறமோ நிறுத்துகிறது. இன்றும் வறுமை எண்ணிக்கை குறித்துப் பூசல் எழும்போது, அதன் இருதரப்பு வாதங்களுக்கும் முன்னோடிகளை அவ்விதழின் பழைய தொகுதிகளில் காணலாம்.