இராவணன் மீதான வழக்கு

பட்டிமண்டபத்தில் இராவணன் பக்கம் பேசக் கிடைப்பது பேச்சாளனுக்குப் பெரும் வாய்ப்பாகும். சிவபத்தன், தங்கையின் மானங் காத்தவன், கவர்ந்து வந்தவளைத் தீண்டாதவன் என்று அடுக்கிச் செல்லின் சபையின் கைதட்டல் அவனுக்கே உரியது. ஆயின், இவ்வாதங்கள் யாவும் ஒரே காலத்திற் பிறந்தவை அல்ல. எவ்வெக் காலத்தில், எத்தேவை கருதி அவை எழுந்தன என நோக்கின், இராவணனுக்காக வாதிட்டோர் அவன் செய்த செயலை நியாயப்படுத்தினரா, அன்றி அச்செயலையே மாற்றி எழுதினரா என்னும் வினா எழுகின்றது.

சிவபத்தி என்னும் வாதம் பழமையானது. ஏழாம் நூற்றாண்டினரான சம்பந்தர் தம் பதிகங்களுட் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடலை இராவணனுக்கென ஒதுக்கினார். கயிலையைப் பெயர்க்க முயன்றவன் இறைவனின் கால்விரலால் நெரிபட்டு, பின் இசை பாடி அருள் பெற்ற கதையே அங்குக் கூறப்படுவது. திருகோணமலையிலுள்ள இராவணன் வெட்டும், தாயின் ஈமக்கடனுக்காக அவன் தோற்றுவித்தான் எனப்படும் கன்னியா வெந்நீரூற்றுகளும் இம்மரபின் வழிப்பட்டவையே. எனினும், தேவாரம் காட்டும் இராவணன் குற்றமற்றவன் அல்லன். செருக்குற்று, தண்டிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டவன். மேலும், அங்கு மன்னிக்கப்பட்டது மலையெடுத்த குற்றமே. சீதையைச் சிறைவைத்த குற்றத்தோடு அம்மன்னிப்புக்குத் தொடர்பில்லை. பட்டிமண்டபத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன.

தீண்டாமை பற்றிய வாதமே மிகுந்த செல்வாக்குடையது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வான்மீகியின் இராவணன் சீதைக்குப் பன்னிரண்டு மாதத் தவணை விதிக்கின்றான். அனுமன் அவளைக் காணும்போது எஞ்சியிருப்பவை இரண்டு மாதங்கள். அதன்பின்னும் இணங்காவிடின், சமையற்காரர் அவளைத் தன் காலை உணவுக்காக வெட்டுவர் என அவனே அச்சுறுத்துகின்றான். அவளை ஏன் வலிந்து தீண்டவில்லை என்பதற்கும் யுத்த காண்டத்தில் அவன் வாயிலாகவே விடை கிடைக்கின்றது. முன்பொரு பெண்ணை வன்முறையாற் கெடுத்தமைக்காகப் பிரமன் சாபமிட்டிருந்தான். மீண்டும் அவ்வாறு செய்யின் தலை நூறாகச் சிதறும். ஆகவே, அவனைத் தடுத்தது பண்பன்று, அச்சமே.

இவ்விடத்தைத் திருத்தியவர் சமணராவர். விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியத்தில் இராவணன் பத்துத் தலையுடைய அரக்கன் அல்லன், கற்றறிந்த அரசன். விருப்பமில்லாப் பெண்ணைத் தீண்டுவதில்லை என அவன் விரதம் பூண்டவன். சாபம் விரதமாயிற்று! செயல் மாறவில்லை, அதன் காரணம் மாறியது. காரணம் மாறவே மனிதனும் மாறிவிட்டான். இராவணன் பற்றிய பிற்கால மேன்மைக் கருத்துகள் பலவற்றின் வித்து இங்கேயே உள்ளது என்பது என் துணிபு.

இனி, தங்கைக்காகப் பழிவாங்கினான் என்னும் வாதம். சூர்ப்பணகையின் உறுப்பை அரிந்தமை கொடுமையே. அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், அக்கொடுமையை முன்னிட்டே இராவணன் புறப்பட்டான் என்பதற்குக் கம்பன் இடந்தரவில்லை. சூர்ப்பணகை சீதையின் அழகை விரித்துரைத்ததும், இறந்துபட்ட கரனையும், தங்கையின் மூக்கை அரிந்தவனையும் அவன் ஒருங்கே மறந்துவிடுகின்றான். மறவாதது கேள்வியுற்ற நங்கையை மட்டுமே. பழிவாங்குவோன் பழியையே மறந்தான் எனக் காட்டியதன் வாயிலாக, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளின் பின்னர் எழவிருந்த வாதத்துக்குக் கம்பன் முன்னரே விடையளித்துவிட்டான் எனலாம்.

நவீன காலத்தில் வழக்கு வேறு மன்றத்துக்கு மாற்றப்பட்டது. வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் மேகநாதவத காவியத்தை எழுதி, ஆயுதமின்றி வழிபாட்டிலிருந்த இந்திரசித்தை இலக்குவன் கொன்றதாகக் காட்டினார். தமிழகத்திற் பூரணலிங்கம் பிள்ளை 1928இல் இராவணனின் பெருமையை ஆங்கிலத்தில் எழுதினார். 1943இல் அண்ணாதுரை, ரா. பி. சேதுப்பிள்ளையுடனும் சோமசுந்தர பாரதியாருடனும் கம்பராமாயணம் குறித்து நிகழ்த்திய சொற்போர்கள் யாவரும் அறிந்தவை. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இலேயே தடைநீக்கம் பெற்றது. இராவணனை நல்லவனாக்க மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் புதியதொரு கதைப்போக்கும் தேவைப்பட்டன என்பது சிந்திக்கற்பாலது. பழைய கதையை வைத்துக்கொண்டு அவனை விடுவிக்க இயலாது என்பதைப் புலவர் நன்குணர்ந்திருந்தார் போலும்.

அண்ணாதுரையின் நீதிதேவன் மயக்கம் (1947) இவற்றின் வேறானது. என் மதிப்பில் இவற்றுள் மிக வலியதும் அதுவே. அங்கு இராவணன் செயலை மறுக்க முயலவில்லை. இரக்கமற்றவன் எனத் தன்னைக் கம்பன் பழித்ததனையே எடுத்துக்கொண்டு, தேவரும் முனிவரும் இரக்கங் காட்டினரா என வினவுகின்றான். நீதிதேவன் மயங்கி வீழ்கின்றான். தீர்ப்புக் கூறுவோரின் தகுதியைக் குலைத்தல் அரசியலில் நியாயமான வாதமே. சாதியின் பெயரால் இழிக்கப்பட்ட மக்களுக்கு அது அன்று தேவையாகவும் இருந்தது. ஆயின், நீதிபதி மயங்கியமையாற் குற்றவாளி நிரபராதியாகிவிடான். அசோகவனத்திலிருந்தவளின் முறைப்பாடு அங்கு விசாரிக்கப்படாமலே போயிற்று.

இலங்கையில் இன்று இராவணனைச் சிங்களவருள்ளும் தமிழருள்ளும் மூதாதையெனக் கொண்டாடுவோர் உளர். 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட நாட்டின் முதற் செய்மதியும் அவன் பெயரையே தாங்கிச் சென்றது. மூதாதையாகிவிட்டவனை எவரும் விசாரிப்பதில்லை. இதனினும் 1960களின் நடுப்பகுதியிற் பேராதனையில் நிகழ்ந்தது மேலானதாகத் தோன்றுகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறிப்படுத்தலில், சி. மௌனகுரு எழுதிய இராவணேசன் வடமோடிக் கூத்தாக மேடையேறியது. வணங்குதற்கோ இகழ்தற்கோ அன்றி, வீழ்ச்சியை உணர்தற்குரிய ஒருவனாக இராவணன் அங்கு ஆடினான்.

இதற்கான வழியைத் திறந்தவன் கம்பனே. அவன் காவியத்தில் இராவணனைக் கண்டிப்போர் பகைவர் மட்டுமல்லர். வீடணன் இடித்துரைத்துப் பிரிகின்றான். கும்பகருணனோ இடித்துரைத்துப் பிரியாது நிற்கின்றான். அண்ணன் செய்தது தவறென அறிந்தும், உண்ட சோற்றின் கடன் தீர்க்க உயிர் கொடுக்கின்றான். மண்டோதரி கணவனின் உடல் முழுதும் துளைக்கப்பட்டிருத்தலைக் கண்டு, சானகிமேல் அவன் கொண்ட காதல் உள்ளே எங்கேனும் ஒளிந்திருக்கும் என்று அம்பு தேடிற்றோ எனக் கேட்கின்றாள். அவ்வாறு கேட்டவள் அவன் உடலைத் தழுவியவாறே உயிர் நீக்கின்றாள்.