கோழிக்கோட்டுக் கரையில் உடைந்த கப்பல்

புதுச்சத்திரம் போன்ற சமவெளி ஊர்களில் வாழும் நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்விச் செய்திதான். ஆயினும் ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியதால் உயிர் தப்பிய இப்னு பதூதாவின் வரலாற்றை நம்மில் பலர் கேட்டிருக்கக்கூடும். அந்நிகழ்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1340-களின் தொடக்கத்தில், டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் சீனப் பேரரசருக்கு அனுப்பிய தூதராக அவர் கோழிக்கோட்டை அடைந்தார். துறைமுகத்தில் அப்போது 13 சீனக் கப்பல்கள் நின்றிருந்தன. பெருங்கப்பல் ஒன்றில் 12 பாய்கள் வரை இருக்கும் என்றும், 600 மாலுமிகளும் 400 போர்வீரர்களும் பணிபுரிவர் என்றும் தம் பயண நூலில் அவர் குறிப்பிடுகிறார். காற்றின் பருவத்திற்காக மூன்று மாதங்கள் காத்திருந்தனர்.

சுல்தானின் பரிசுப் பொருட்களுடன் ழஹீருத்தீனும் சுன்புலும் பெருங்கப்பலில் ஏறினர். இப்னு பதூதாவின் உடைமைகள் சிறிய கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டன. கடல் கொந்தளித்தது. இரவில் பெருங்கப்பல் கரையில் மோதிச் சிதறியது. மறுநாள் அவ்விருவரின் உடல்களைக் கண்ட அவர், ஜனாஸா தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்தார். இறந்தவர்களும் ஈமான் கொண்டவர்களே; ஆகவே இதனைத் தப்பியவரின் சிறப்பாக மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அன்று கரையில் இன்னொரு காட்சியையும் அவர் கண்டார். இடையில் வெள்ளைத் துணியும் தலையில் சிறு தலைப்பாகையுமாக, வெறுங்காலுடன் சாமூதிரி மன்னர் கடற்கரைக்கு வந்திருந்தார். அலை ஒதுக்கிய பொருட்களை எவரும் அள்ளிச் செல்லாதபடி அவருடைய காவலர்கள் மக்களை அடித்து விரட்டினர். மலபாரின் பிற துறைகளில் உடைந்த கப்பலின் சரக்கு அரசுக் கருவூலத்திற்குரியது. கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே சேரும். அந்நகரம் செழித்ததற்கு இதுவே காரணம் என்கிறார் இப்னு பதூதா.

இந்த வழக்கம் எத்துணை அரியது என்பதற்கு ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு சான்று. முந்தைய மன்னர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் சரக்கைப் பறித்ததைச் சுட்டி, தீர்வை தவிர வேறெதையும் கொள்வதில்லை என்று காகதிய மன்னர் கணபதி தேவர் 1244-இல் அதில் உறுதியளித்தார். கடலோடிகளுக்கு அத்தகைய வாக்குறுதி தேவைப்பட்ட காலம் அது. அரபு வணிகர்கள் தம் பொருளை நம்பி இறக்கியது இத்தகைய அமானிதம் பேணப்பட்ட துறைகளில்தான்.

உடைமைகள் ஏறிய சிறிய கப்பலோ, பெருங்கப்பலின் கதியைக் கண்டு பாய்விரித்துச் சென்றுவிட்டது. பத்துத் தீனார்களும் ஒரு விரிப்பும் மட்டுமே இப்னு பதூதாவிடம் எஞ்சின. அக்கப்பல் கொல்லத்தில் நிற்கக்கூடும் என்றனர். அவர் ஆற்றுவழியே கொல்லத்திற்குப் புறப்பட்டார்.