எங்கள் வீட்டுத் துப்பாக்கியும் நான் சொன்ன தவறான பாடமும்



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்பெனி ஆட்சிப் பாடம் வரும்போதெல்லாம், "எங்கள் குடும்பத்தில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. கம்பெனி காலத்துத் துரை ஒருவர் என் கொள்ளுத்தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்தது" என்று பெருமையாகச் சொல்வேன். அப்பா எனக்குச் சொன்ன கதை அது. பூந்தமல்லி வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த ஊர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தப் பாடம் தவறு. இன்று திருத்திக்கொள்கிறேன்.

லைசென்ஸ் வைத்திருந்த பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், போன வருடம் காலமானார். சட்டப்படி துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். கடைக்காரர் அதை நடுவில் மடித்து, குழல்களைத் தனியே கழற்றி, அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே சின்னச் சின்ன முத்திரைகள்.

இங்கிலாந்தில் துப்பாக்கிக் குழலை விற்கும் முன் அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. லண்டனில் இந்தச் சோதனை 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. பெல்ஜியத்து லியேஜ் நகரத் துப்பாக்கி என்றால் முட்டை வடிவத்துக்குள் 'இ.எல்.ஜி.' என்ற எழுத்துகள் இருக்கும். விதிகள் மாறும்போது முத்திரையும் மாறும். அதனால் அதுவே பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

எங்கள் துப்பாக்கியில் கிரீடத்தின் கீழ் 'பி.பி.', 'பி.வி.', 'என்.பி.' என்று மூன்று முத்திரைகள். இவை பர்மிங்காமில் 1904இல் வந்தவை. 'என்.பி.' என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். தோட்டா அறையின் நீளத்தை அங்குலத்தில் பொறிக்கும் வழக்கம் 1925இல் வந்தது. அது இதில் இல்லை. ஆக, 1904க்கும் 1925க்கும் இடையில் செய்தது.

கம்பெனி ஆட்சி 1858இலேயே முடிந்துவிட்டது! முத்திரை பார்க்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் மடித்துப் பின்பக்கம் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி இங்கிலாந்தில் பரவியதே 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகுதான். கம்பெனிச் சிப்பாய்கள் வாய்ப்பக்கமாக மருந்து இடித்துச் சுட்டவர்கள். இதைப் பாடமாக நடத்திய நானே என் வீட்டுக் கதையைச் சோதித்துப் பார்க்கவில்லை.

குழலின் மேல் மெட்ராஸ் கடை ஒன்றின் பெயர் பொறித்திருக்கிறது. அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல. பலர் ஏமாறும் இடம் இது. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸை நாம் கடிகாரக் கடையாகத்தான் அறிவோம். அவர்கள் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு.

அப்படியானால் துரை கொடுத்த பரிசு? கடையில் வாங்கியது என்றுதான் இப்போது நினைக்கிறேன். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. சொந்த மண்ணில் அனுமதி கேட்டு நின்று, சொந்தக் காசில் வாங்கிய மனிதரை, துரையிடம் பரிசு வாங்கியவராக நாமே மாற்றிவிட்டோமோ என்று வருத்தமாக இருக்கிறது. தம்பி தங்கைகளே, இனி பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய துப்பாக்கி இருந்தால் மூன்று விஷயம்: லைசென்ஸ் யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். நீங்களே கழற்றாதீர்கள், சுட்டுப் பார்க்காதீர்கள். பளபளப்பாக்குகிறேன் என்று முத்திரையைத் தேய்த்துவிடாதீர்கள். உண்மை அங்கேதான் இருக்கிறது.

தவறாகச் சொல்லிக்கொடுத்ததற்கு ஆசிரியரை மன்னியுங்கள்.