சாக்கடை கலந்த கடலில் ஒரு பூஞ்சை

ராயகிரிப் பக்கம் ஒருவருக்கு டைபாய்டு முற்றி, சங்கரன்கோவிலில் கொண்டுபோய்ச் சேர்த்தால், நர்ஸ் பெரும்பாலும் ஒரு சிறு குப்பியைத்தான் எடுப்பார். அடியில் வெள்ளைத் தூள். ரப்பர் மூடியில் ஊசி குத்தி, நீரை உள்ளே செலுத்திக் குலுக்கினால் தூள் கரைந்து லேசாக மஞ்சளிக்கும். அதன் பெயர் செஃப்ட்ரியாக்சோன். மலையடிவாரத்து ஊர்வரை வந்துசேரும் இந்த மருந்தின் பூர்வீகம் கடல்.

இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள காலியாரி நகரம், 1945. ஊர்ச் சாக்கடை கலக்கும் கடலிலேயே ஜனங்கள் குளித்தார்கள். ஆனாலும் டைபாய்டு அங்கே பயந்த அளவுக்குப் பரவவில்லை. கிருமியை அடக்கும் ஏதோ ஒன்று அந்த நீரிலேயே இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பேராசிரியர் ஜுசெப்பே ப்ரோட்சு நினைத்தார். சாக்கடை வாயில் அள்ளிய நீரில் செஃபலோஸ்போரியம் என்ற பூஞ்சை கிடைத்தது. (அது கடலிலேயே பிறந்ததா, சாக்கடையோடு கரையிலிருந்து வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது.) அதன் சாறு டைபாய்டு கிருமியை வளரவிடவில்லை. சுத்திகரிக்காத சாற்றையே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. போரில் அடிபட்ட தீவில் அதற்குமேல் செய்ய வசதியில்லை. 1948-ல் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது.

அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் சாற்றைப் பிரித்துப் பார்த்தால், டைபாய்டை அடித்தது ஒருவகைப் பென்சிலின்தான். ஆனால் 1953-ல், அதனோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பொருள் கொஞ்சமாகத் தென்பட்டது: செஃபலோஸ்போரின் சி. அதன் வீரியம் குறைவு. வேறு யாராவது கழுவி ஊற்றியிருப்பார்கள். இவர்கள் விடாததற்குக் காரணம் உண்டு. பென்சிலினைச் சிதைக்கக் கிருமிகள் சுரக்கும் நொதியால் இதை அசைக்க முடியவில்லை. பென்சிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஆஸ்பத்திரிகளை ஆட்டிவைத்த காலம் அது. எவ்வளவு பெரிய ஆறுதல்!

1961-ல் டாரத்தி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே படிக முறையில் அதன் கட்டமைப்பை உறுதிசெய்தார். பிறகு வேதியியலாளர்கள் நடுக்கருவை வைத்துக்கொண்டு பக்கக் கிளைகளை மட்டும் மாற்றினார்கள். 1964-ல் முதல் மருந்து செஃபலோத்தின் விற்பனைக்கு வந்தது. அப்படி மாற்றிமாற்றி வந்ததுதான் செஃப்ட்ரியாக்சோன். ப்ரோட்சு எந்த நோய்க்காகக் கடலைத் தேடினாரோ அதற்கே அது இன்று மருந்து.

தொழிற்சாலைகளில் வளர்வதும் ப்ரோட்சு எடுத்த அந்தப் பூஞ்சையின் வாரிசுகளே. சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் ஆர்க்கிட் நிறுவனம் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைத் தயாரித்து வருகிறது. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு மூலமான 7-ஏசிஏவுக்கு இந்தியா நெடுங்காலமாகச் சீனாவையே நம்பியிருக்கிறது. பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து 7-ஏசிஏவை இங்கேயே எடுக்கும் வேலை இன்னும் வேகமாக நடக்க வேண்டும்.